யாருடைய ரத்தம் இது?

நோயாளிகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாததால்தான் நான் ஆய்வுக்கூட வேலைக்கு வந்தேன். இதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா சிறுநீரகம் கெட்டு நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பொது வார்டின் மருந்து நெடி, வரிசையாக இரும்புக் கட்டில்கள், அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற கோலம் எல்லாம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டன. அப்பா போனபின், மருத்துவத் துறையில் ஏதாவது ஒரு வேலைக்குப் போ என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் கட்டிலருகே நிற்கத் தேவையில்லாத வேலையாகத் தேடினேன். நுண்ணோக்கிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு துளி ரத்தம். நடுவில் மனிதர் யாரும் இல்லை என்பதே எனக்கு ஆறுதல்.

அரசு வேலையில் சபாவுக்கு மாற்றல் வந்தது. போர்னியோவின் வடமுனையில், குடாட் பக்கத்தில் ஒரு மாவட்ட மருத்துவமனை. சுற்றிலும் தென்னை, ரப்பர், செம்பனை, அவற்றுக்கு இடையிடையே வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள். அங்கேதான் நோலெசி மலேரியாவை முதன்முதலில் கண்டேன்.

நாம் பள்ளியில் படித்த மலேரியா மனிதரிடமிருந்து கொசுவுக்கும் கொசுவிடமிருந்து மனிதருக்கும் போவது. நோலெசியின் சொந்த வீடு குரங்கு. நீள்வால் குரங்குகளும் பன்றிவால் குரங்குகளும் இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன. காட்டோரம் வாழும் சில அனாபிலிஸ் கொசுக்கள் குரங்கைக் கடித்துவிட்டு, அவ்வழியே வரும் மனிதரையும் கடிக்கின்றன. சபாவில் அந்தக் கொசு அனாபிலிஸ் பாலபாசென்சிஸ். சரவாக்கின் கப்பிட்டில் அனாபிலிஸ் லாட்டென்ஸ், பகாங்கின் கோலா லிப்பிசில் அனாபிலிஸ் கிரேசன்ஸ். இந்தக் கடைசி இரண்டையும் அடையாளம் கண்ட ஆய்வுகளை முன்னின்று நடத்தியவர், அப்போது கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பூச்சியியல் அறிஞர் இந்திரா வைத்திலிங்கம். அந்தப் பெயரை ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் பார்த்தபோது, கடல் தாண்டித் தனியாக வந்து கிடந்த எனக்கு இனம் புரியாத தெம்பு பிறந்தது.

இந்த ஒட்டுண்ணியின் கதை நீண்டது. 1932இல் கல்கத்தாவில் நோல்ஸும் தாஸ் குப்தாவும் குரங்கின் ரத்தத்திலிருந்து இதை மனிதருக்கு ஏற்றிக் காய்ச்சல் வருவதைக் காட்டினார்கள். நோல்ஸின் பெயரே ஒட்டுண்ணிக்கும் நிலைத்தது. 1965இல் பகாங் காட்டில் வேலை செய்துவிட்டு நாடு திரும்பிய ஓர் அமெரிக்கரிடம், கொசு மூலம் இயற்கையாகவே தொற்றிய முதல் நோய் உறுதியானது. அபூர்வம் என்று அதை ஒதுக்கிவைத்தார்கள். 2004இல் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் குழுவினர் கப்பிட்டில் மலேரியா நோயாளிகள் 208 பேரின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 120 பேருக்கு இருந்தது நோலெசி. நுண்ணோக்கியில் அவர்களில் பெரும்பாலோருக்கு ‘மலேரியே’ என்ற வேறொரு சாதுவான வகை என்றே எழுதப்பட்டிருந்தது.

இரண்டும் கண்ணுக்கு அவ்வளவு ஒன்றாகத் தெரியும். ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் பார்த்தால், வளர்ந்த நோலெசி சிவப்பணுவின் குறுக்கே பட்டையாகக் கிடக்கும். மலேரியேயும் அப்படியே. இளம் நோலெசி வளையமாக இருக்கும்போது பால்சிபாரம் என்ற இன்னொரு வகை போலத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் வேகம் வேறு. மலேரியே ஒரு சுற்றுப் பெருக 72 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நோலெசிக்கு 24 மணி நேரம் போதும். இன்று பார்த்த எண்ணிக்கை நாளைக்குப் பல மடங்காகிவிடும். சாதுவான வகை என்று எழுதிய ஒரு சொல்லை நம்பி இரண்டு நாள் பொறுத்தால், அந்த இரண்டு நாளே சிலருக்கு உயிர். சபாவில் நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்தவர்கள், மலேரியே என்று எழுதப்பட்டதும் ஆர்டிசுனேட் என்ற மருந்தூசி தாமதமானதும் அவற்றோடு சேர்ந்து வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். விரைவுச் சோதனைப் பட்டைகளும் நோலெசியைப் பல நேரம் தவறவிடுகின்றன.

கண்ணாடித் துண்டு மட்டுமே முழு உண்மையைச் சொல்லிவிடாது என்பது இதற்குள் அடங்கியிருந்தது. படித்தபோது அதைத் தகவலாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அதன் முழு அர்த்தம் ஓர் இரவுப் பணியில்தான் புரிந்தது.

அன்று வார்டில் ஆள் குறைவு. மலேரியா நோயாளிகளுக்கு மறுபடி மறுபடி ரத்தப் பூச்சு எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு பூச்சுகளில் ஒட்டுண்ணி இல்லை என்றால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தாதி தொலைபேசியில் கூப்பிட்டு, “தம்பி, நீயே மேலே வந்து இரண்டு பேருக்கு எடுத்துக்கொண்டு போயேன்” என்றார். அவரும் தீபகற்பத்திலிருந்து மாற்றலாகி வந்த தமிழர். மறுக்க வாய் வரவில்லை. மாலையில் வந்த அந்த இருவரின் ஸ்லைடுகளையும் நான்தான் எண்ணியிருந்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டரில் 20,000ஐ ஒட்டி. என் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதிய, வித்தியாசம் இல்லாத இரண்டு வரிகள்.

முதல் கட்டிலில் இருந்தவன் இருபதைத் தாண்டிய இளைஞன். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவன், இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து பிழைக்க வந்தவன். காய்ச்சல் இறங்கியிருந்தது. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “நாளைக்குப் போகலாமா அண்ணே?” என்று கேட்டான். ஒரு நாள் கூலி போவதுதான் அவனுக்குப் பெரிய வலி.

இரண்டாவது கட்டிலில் அறுபதைத் தாண்டிய, ருங்குஸ் பழங்குடி மூதாட்டி. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. சிறுநீர் பையின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது, கடுந்தேநீர் நிறத்தில். மகன் அவர் பாதங்களைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். விரலைக் குத்த வேண்டியவன் நான். அந்தச் சிறுநீர்ப் பையைப் பார்த்ததும் என் கை நடுங்கியது. அப்பாவின் கட்டிலுக்குக் கீழேயும் அப்படி ஒன்று தொங்கியது. “வலிக்காது மாக்சிக்” என்று மலாயில் சொன்னேன். அவர் தன் மறுகையால் என் மணிக்கட்டைத் தட்டிக் கொடுத்தார். ஆறுதல் யாருக்கு யார் சொல்வது என்று அந்த வார்டில் அன்று மாறிப்போனது.

இரண்டு துளிகளையும் எடுத்துக்கொண்டு கீழே வந்து உட்கார்ந்தேன். ஒரே ஒட்டுண்ணி, ஒரே எண்ணிக்கை. ஓர் உடலில் அது கூலி போன கவலையாக இருக்கிறது, இன்னோர் உடலில் சிறுநீரகத்தை நிறுத்திக்கொண்டிருக்கிறது. எனக்கு ரத்தத்தைப் படிக்கத் தெரியும். அது யாருடைய ரத்தம் என்று கேட்க மட்டும் நான் பழகவே இல்லை.

அன்றிலிருந்து இன்னும் ஆழமாகப் படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பகுதியைப் பற்றியே நல்ல ஆய்வுகள் இருந்தன. குடாட், கோத்தா மருடு, பீத்தாஸ் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வந்த நோலெசி நோயாளிகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. பெரியவர்களில் நூற்றில் ஆறேழு பேருக்கு நோய் கடுமையானது. அந்த ஆய்வில் இருந்த 44 குழந்தைகளில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை. குழந்தைகளுக்கு ரத்தசோகை அதிகம் வந்தது. சிறுநீரகப் பாதிப்பு பெரியவர்களையே அதிகம் தாக்கியது. வயது கூடக் கூட ரத்தத்தில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கையும் கூடியது. 45 வயதைத் தாண்டியவர், எண்ணிக்கை 15,000ஐத் தாண்டியவர், வயிற்றுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர் ஆகியோரைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மலேரியா என்றால் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வாரிக்கொண்டு போகும் நோய் என்றே பாடப்புத்தகம் எங்களுக்குச் சொல்லியிருந்தது. இங்கே குழந்தை பிழைத்துக்கொள்கிறது, பாட்டி தவிக்கிறாள். பால்சிபாரத்தில் அஞ்சப்படும் ஆழ்ந்த மயக்கம் நோலெசியில் வழக்கமாக வருவதில்லை. நுரையீரல், சிறுநீரகம், ஈரல், ரத்த அழுத்தம் ஆகியவையே இங்கே இடறும். கப்பிட்டில் 107 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ எல்லோருக்குமே தட்டணுக்கள் குறைந்திருந்தன. காய்ச்சலோடு தட்டணு குறைந்தால் நம் நாட்டில் எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது டெங்கி. காட்டோரத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தால்தான் மலேரியா ஸ்லைடும் கேட்கத் தோன்றும்.

யார் இந்த நோயாளிகள்? சபாவில் நான்கில் மூன்று பங்கு, சில ஆண்டுகளில் அதற்கும் மேலாக, ஆண்கள். உழைக்கும் வயதினர். செம்பனையில் குலை வெட்டுபவர், ரப்பர் சீவுபவர், மரம் அறுப்பவர், மலைநெல் விதைக்கப் புதர் வெட்டுபவர், இரவில் வலையோடு காட்டுக்குப் போகிறவர். தோட்ட வேலை, புதர் வெட்டுதல், வெளியில் படுத்துறங்குதல், வீட்டைச் சுற்றி உயர்ந்து வளர்ந்த புல் எல்லாம் ஆபத்தைக் கூட்டுவதை வடசபாவில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. வீட்டுச் சுவரில் மருந்தடித்தவர்களுக்கு ஆபத்து குறைந்தது. ஆனால் இந்தக் கொசு அந்தி சாய்ந்ததுமே வெளியில் கடிக்கத் தொடங்கிவிடும். கொசுவலைக்குள் போகும் நேரத்துக்கு முன்பே கடி முடிந்துவிடுகிறது.

பெண்கள் குறைவாக வருகிறார்கள். ஆனால் சபாவில் நோலெசியால் இறந்தவர்களின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொற்றியவர்களின் விகிதத்தில் பெண்களும் 45ஐத் தாண்டியவர்களும் அதிகமாக இறந்திருந்தார்கள். இதைப் படித்த அன்று அந்த மூதாட்டியின் பரிசோதனைப் படிவத்தைத் தேடி எடுத்தேன். தொழில் என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தது. காட்டுக்குப் போகாதவர் என்று அந்தச் சொல் எவரையும் நினைக்க வைக்கும். மகனிடம் பேசியபோது முழுக்கதை வந்தது. வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டிருக்கிறார். தினமும் மாலையில் குரங்குகளை விரட்டப் போவார். காய்ச்சல் வந்து நான்காம் நாளும் அடுப்பை விட்டு எழவில்லை. ஆண்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீடே லாரி பிடித்து மருத்துவமனைக்கு ஓடுகிறது. அம்மாவுக்கு வந்தால் ஒரு மாத்திரையோடு சரி. பெண்கள் விகிதத்தில் ஏன் அதிகமாக இறக்கிறார்கள் என்பதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்த ஒரு வீட்டில் நடந்தது இது. என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார், இன்றும் இருக்கிறார்.

அவர் ஆர்டிசுனேட் ஊசியோடு கோத்தா கினாபாலுவின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். ரத்தச் சுத்திகரிப்பு சில முறை நடந்தது. சில வாரம் கழித்து மகன் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து எங்கள் மருத்துவமனையில் காட்டினான். அவருடைய கடைசி ஸ்லைடைப் பார்த்தேன். ஒட்டுண்ணி இல்லை. அந்தச் சுத்தமான ஸ்லைடு எனக்குத் தந்த மகிழ்ச்சியை, பெயர் தெரியாமல் பார்த்த ஆயிரக்கணக்கான சுத்தமான ஸ்லைடுகள் தந்ததில்லை.

அந்தப் புளோரஸ் இளைஞன் வேறொன்று கற்றுத்தந்தான். அவனோடு தோட்டத்து லயத்தில் இருந்த இன்னும் சிலருக்கும் காய்ச்சலாம். ஏன் வரவில்லை என்று கேட்டேன். தாள் இல்லை என்றான். வேலை அனுமதி இல்லாதவன் மருத்துவமனை வாசலுக்கு வரவே அஞ்சுவான். வந்தாலும் வெளிநாட்டவருக்கான கட்டணம் அவனை மிரட்டும். நாம் கையில் வைத்திருக்கும் கணக்கெல்லாம் வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. ‘நோயாளிகளில் இத்தனை பங்கு இளைஞர், இத்தனை பங்கு ஆண்’ என்று படிக்கும்போது, யார் வர முடிந்தது என்பதும் அதற்குள் கலந்திருக்கிறது. அறிகுறியே இல்லாமல் இந்தத் தொற்றைச் சுமப்பவர்களும் கிராமங்களில் உண்டு, பெண்களும் குழந்தைகளும் அவர்களில் இருக்கிறார்கள் என்று பின்னால் வந்த மரபணுச் சோதனைகள் காட்டின. அவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவன் தங்கியிருந்த லயத்தைப் பற்றிச் சொன்னதும் என் பாட்டி நினைவுக்கு வந்தார். தோட்டத்து லயத்தில் குளிர்காய்ச்சலில் செத்தவர்களைப் பற்றி தன் மாமியார் சொல்லக் கேட்டதை அவர் எங்களுக்குச் சொல்வார். காட்டை அழித்து ரப்பர் நட்ட காலம் அது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து நகரத்தில் மலேரியாவை அடக்கினார். ஆனால் மலைத்தோட்டங்களில் கதை வேறாக இருந்தது. மரத்தை வெட்டியதும் நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன. வெயிலை விரும்பும் அனாபிலிஸ் மாக்குலாட்டஸ் அங்கே பெருகியது. அந்தத் தோட்டங்களில் மடிந்தவர்களில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இன்று வடசபாவில், காடு அழிந்த கிராமங்களைச் சுற்றி நோலெசி அதிகம் வருவதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. குரங்கும் கொசுவும் மனிதரும் நெருக்கப்பட்டு ஒரே விளிம்புக்கு வந்துவிட்டார்கள். கொசு வேறு, ஒட்டுண்ணி வேறு. காட்டின் விளிம்பில் கூலிக்கு நிற்பவன் மட்டும் அன்று என் கொள்ளுத்தாத்தா, இன்று இந்தப் பையன்.

2018இல் மலேசியாவில் மனிதர் வழியாகப் பரவும் உள்ளூர் மலேரியா ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பெரிய சாதனை அது. பல தலைமுறைச் சுகாதாரப் பணியாளர்களின் உழைப்பு. அதே ஆண்டு நோலெசி 4,000 பேருக்கு மேல் வந்தது. மருந்து இருக்கிறது. ஆர்டிமெத்தர்-லூமெஃபாண்ட்ரின் மாத்திரை பெரும்பாலோரைச் சில நாட்களில் குணமாக்குகிறது. கடுமையானவர்களுக்கு ஆர்டிசுனேட் ஊசி. வைவாக்ஸ் வகை மலேரியா போல ஈரலில் பதுங்கியிருந்து மீண்டும் வரும் வழக்கமும் நோலெசிக்கு இல்லை. ஆகவே இந்த நோயில் ஒருவர் இறக்கிறார் என்றால், பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். யாருக்குக் காலம் குறைவு என்பதைத்தான் வயதும் பாலினமும் தொழிலும் சொல்கின்றன.

குரங்குகளிடமும் இதே பாடம் இருக்கிறது. நீள்வால் குரங்கின் உடலில் நோலெசி பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கிறது. அதே ஒட்டுண்ணியை வட இந்தியாவின் ரீசஸ் குரங்குக்கு ஏற்றினால் அது செத்துவிடுகிறது. ஒட்டுண்ணி பாதிக்கதையைத்தான் கொண்டுவருகிறது. மீதியை அது குடியேறும் உடலும், அந்த உடல் வாழும் வாழ்க்கையும் எழுதுகின்றன.

என் வேலையின் முறை அந்த இரவுக்குப் பின் மாறியது. ஸ்லைடை வைப்பதற்கு முன் படிவத்தைப் படிக்கிறேன். வயது, ஆணா பெண்ணா, என்ன தொழில், காய்ச்சல் எத்தனை நாள், எங்கே தூங்கினார். காலியாக விட்ட கட்டம் இருந்தால் வார்டைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். பட்டை வடிவம் தெரிந்தால், இந்தப் பகுதியில் அதை நோலெசியாகவே கொண்டு எழுதுகிறேன், பிசிஆர் மரபணுச் சோதனை முடிவு பிறகு வரட்டும். வயதானவரின் எண்ணிக்கை ஐந்திலக்கத்தைத் தொட்டால் முடிவைத் தாளில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில்லை, மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வயதையும் சேர்த்தே சொல்கிறேன். முடிந்த நாட்களில் மேலே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். வார்டு இன்னும் எனக்குப் பயம்தான். பயத்தோடே போகலாம் என்று தெரிந்துகொண்டேன்.

புதிதாக வரும் இளைய ஆய்வுக்கூடத் தோழர்களிடம் நான் ஒன்றை விடாமல் சொல்வேன்: உன் கையில் இருக்கும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது, அது யாருடையது என்று தெரிந்த பிறகுதான் அதற்குப் பொருள் வரும். இதைப் படிக்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சபா, சரவாக், பகாங், கிளந்தான் காட்டோரங்களுக்கு வேலைக்கோ மலையேறவோ டுரியான் தோப்புக்கோ போய்வந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். எங்கே இருந்தீர்கள், எங்கே படுத்தீர்கள், குரங்குகள் இருந்தனவா என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ காய்ச்சலோடு அடுப்படியில் நின்றால், இளைஞனுக்குக் காட்டும் அவசரத்தை அவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே காட்டுங்கள். அந்த ஒரு நாளில் நோலெசி ஒரு முழுச் சுற்றுப் பெருகிவிடும்.